அடிக்க வருபவரைத் திருப்பி அடிக்கலாமா? தற்காப்பு உரிமைக்கு ஒரு வழிகாட்டி

வரப்புத் தகராறிலோ, வாடகை வீட்டுப் பிரச்சினையிலோ, இரவில் பேருந்து நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலோ ஒருவர் தாக்க வரும்போது, திருப்பி அடித்தால் நம் மீதே வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து அடிவாங்கிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. தற்காப்பு என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம் என்று நம்பிக் கொலை வழக்கில் சிக்கியவர்களும் உண்டு. இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறு. இரண்டுமே உயிரையோ வாழ்க்கையையோ பறிக்கக்கூடியவை. சட்டம் படிக்காத ஒருவர், ஆபத்து வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகளே சிறு மாற்றங்களோடு எண் மாறி இங்கே வந்திருக்கின்றன என்பதால், பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யப்படும் எதுவும் குற்றமல்ல என்று 34-ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த உரிமை எப்போது பிறக்கிறது, எவ்வளவு நீளுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் மீதிப் பத்துப் பிரிவுகளும்.

யாரை, எதிலிருந்து காக்கலாம்?

உங்கள் உடலை மட்டுமல்ல, வேறு யாருடைய உடலையும் காக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை; தெருவில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஒருவன் தாக்கும்போது இடையில் புகுந்து தடுப்பவருக்கும் அதே உரிமை உண்டு. சொத்தைப் பொறுத்தவரை திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகிய நான்கிற்கும் அவற்றுக்கான முயற்சிகளுக்கும் எதிராக மட்டுமே உரிமை உண்டு. தாக்குபவர் மனநிலை பாதிக்கப்பட்டவராக இருந்தாலோ, சிறு வயதினராக இருந்தாலோ, போதையில் இருந்தாலோ, அவரைச் சட்டம் தண்டிக்காமல் போகலாம். ஆனால் அவரிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை அதனால் குறைவதில்லை என்கிறது 36-ஆம் பிரிவு.

வசைச்சொல் மட்டும் இந்த உரிமையைத் தராது. எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் பேச்சுக்குக் கை ஓங்குவது தற்காப்பு ஆகாது. அந்தப் பேச்சுக்குப் புகார் கொடுக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன.

உரிமை எப்போது தொடங்குகிறது?

முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் ஏற்பட்ட அந்த நொடியிலேயே, குற்றம் இன்னும் நடந்திராவிட்டாலும், உரிமை தொடங்கிவிடுகிறது என்று 40-ஆம் பிரிவு சொல்கிறது.

இதைப் புரிந்துகொள்ள 1950-ல் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் நடந்ததைப் பார்ப்பது நல்லது. ஊரில் கலவரம். ஒரு கடைக்காரர் குடும்பத்தோடு தம் கட்டடத்துக்குள் இருக்கிறார். அதே கட்டடத்தின் இன்னொரு பகுதியில் இருந்த அவருடைய சகோதரரின் கடைக்குள் கும்பல் ஏற்கெனவே புகுந்து சூறையாடிவிட்டது. அந்தச் செய்தியை அவருடைய தாய் ஓடிவந்து சொல்கிறார். அடுத்து அவருடைய கதவின் மேல் லத்தி அடிகள் விழத் தொடங்குகின்றன. அவர் தம் துப்பாக்கியால் இரண்டு முறை சுடுகிறார், ஒருவர் இறந்துபோகிறார். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 1952-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கதவு உடைந்து, கும்பல் உள்ளே வந்து, குடும்பத்தினர் மீது கை வைக்கும்வரை அவர் பொறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட அச்சம் நியாயமானது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே அழுத்திப் படிக்க வேண்டிய சொல் ‘நியாயமான’ என்பது. ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று சொன்னால் மட்டும் போதாது. உங்கள் இடத்தில் சாதாரண மனிதர் ஒருவர் நின்றிருந்தால் அவருக்கும் அந்தப் பயம் வந்திருக்குமா என்று நீதிமன்றம் கேட்கும். ‘அடுத்த வாரம் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் மிரட்டிவிட்டுப் போனால், அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய நேரமே தவிர, கம்போடு அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டிய நேரமல்ல. காவல் துறையின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அதே சமயம், ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது ஓடித் தப்பித்திருக்கலாமே என்று சட்டம் உங்களைக் குறை சொல்லாது. சட்டத்தை மதித்து நடக்கும் ஒருவர் கோழையைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ல் இந்த உரிமையின் கொள்கைகளைத் தொகுத்துச் சொன்னபோதும் வலியுறுத்தியது. ஆனாலும் என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஓடித் தப்பிக்க வழி இருந்தால் ஓடிவிடுங்கள் என்றே சொல்வேன்; உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை.

உரிமை எப்போது முடிகிறது?

வழக்குகளில் பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். அச்சம் நீடிக்கும்வரைதான் உரிமை. அச்சம் நீங்கிய நொடியில் அது இல்லாமல் போகிறது. ஒருவன் அரிவாளை ஓங்கிக்கொண்டு வருகிறான், நீங்கள் கையில் கிடைத்த மண்வெட்டியால் அவன் கையில் அடிக்கிறீர்கள், அரிவாள் கீழே விழுகிறது, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அதுவரை நீங்கள் செய்தது தற்காப்பு. உட்கார்ந்துவிட்டவன் தலையில் இறக்கும் அடுத்த அடி தற்காப்பு அல்ல. அது தனிக் குற்றம். இரண்டு அடிகளுக்கும் நடுவே இரண்டு விநாடிதான் இருந்திருக்கும், ஆனால் சட்டத்தில் அவை வேறு வேறு செயல்கள். பிணக்கூறாய்வு அறிக்கையில் பின்மண்டையில் காயம், முதுகில் காயம் என்று இருந்தால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இதைத்தான்: எதிரில் வந்தவருக்கு முதுகில் எப்படிக் காயம் வந்தது?

ஹரியானா பகுதிக் கிராமம் ஒன்றில் நிலத் தகராறில் தொடங்கிய மோதல் ஒன்றில், எதிர்த்தரப்பினர் கலைந்து ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டவர்களின் தற்காப்பு வாதத்தை உச்ச நீதிமன்றம் 1962-ல் ஏற்கவில்லை. நிலம் தங்களுடையது, முதலில் வந்தவர்கள் அவர்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், ஓடுபவரால் ஆபத்து இல்லை.

நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கிலி பறித்தவனைத் துரத்திப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு மின்கம்பத்தில் கட்டிவைத்து ஊரே கூடி அடிக்கிறது. துரத்தியதும் பிடித்ததும் சட்டப்படி சரி. கண்ணெதிரே பிணையில் விட முடியாத, காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைச் செய்தவனைப் பொதுமக்களில் யாரும் பிடிக்கலாம்; தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. அவன் இறந்துபோனால் ஆளுக்கு ஓர் அடி அடித்தவர்களும் கொலை வழக்கில் நிற்க நேரிடும்.

எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம்?

தடுப்பதற்குத் தேவையான அளவு. இந்த அளவைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்க மாட்டோம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உயிர் போகும் பதற்றத்தில் இருப்பவர் கணக்குப் போட்டு அடிக்க முடியாது என்பதை அவை ஏற்கின்றன. ஆனால் கன்னத்தில் அறைந்தவருக்குக் கத்திக்குத்து என்றால் அதற்குத் தராசே தேவையில்லை. மிளகாய்த்தூள் தெளிப்பானுக்கும் இதே விதிதான்: வழிமறித்துக் கையைப் பிடித்து இழுப்பவன் முகத்தில் அடித்துவிட்டு ஓடுவது தற்காப்பு, வாய்ச்சண்டை நடக்கும்போது அடிப்பது தாக்குதல்.

தாக்குபவரின் உயிரே போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கும் சூழல்களை 38-ஆம் பிரிவு ஏழாக வரையறுக்கிறது. உயிர் போகும் என்ற நியாயமான அச்சம். கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம். பாலியல் வன்கொடுமை நோக்கம். இயற்கைக்கு மாறான பாலுறவு நோக்கம். ஆளைக் கடத்தும் நோக்கம். அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்கும் நோக்கம். கொடுங்காயம் ஏற்படுத்தும் அமில வீச்சும் அதற்கான முயற்சியும். கடைசியில் உள்ளது 2013-ல் பழைய சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. கொடுங்காயம் என்றால் என்ன என்பதைப் பலர் அறிவதில்லை. எலும்பு முறிவு, பல் உடைதல், ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, 15 நாள்கள் கடும் வலியில் தவிக்கவோ அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் கிடக்கவோ வைக்கும் காயம் ஆகியவை அதில் அடங்கும்.

பெண்கள் இந்தப் பிரிவைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2012-ல் மதுரையில், தம் மகளிடம் அத்துமீற முயன்ற கணவரை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்துபோனார். கொலை வழக்காகத் தொடங்கியதை, அன்றைய சட்டத்தின் 100-ஆம் பிரிவைக் காட்டித் தற்காப்பு என்று ஏற்றுக் காவல் துறையே அந்தப் பெண்ணை விடுவித்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1959-ல், உத்தரப் பிரதேசத்தில் தம் சகோதரியைப் பிடித்து இழுத்துச் செல்ல முயன்ற அவருடைய கணவரை ஒரே முறை குத்தியதில் அவர் இறந்துபோன வழக்கில், அந்தச் சகோதரரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மனைவிதானே, கணவன் இழுத்துப் போனால் என்ன என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சொத்தைக் காப்பதற்காக

உடலுக்கு உள்ள அளவு உரிமை சொத்துக்கு இல்லை. கொள்ளை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் இடத்துக்கோ தீ அல்லது வெடிபொருளால் சேதம் விளைவித்தல், உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் விதத்தில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல் ஆகிய இவற்றில் மட்டும்தான் உயிரைப் பறிக்கும் அளவுக்கு உரிமை நீளும் என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. பகலில் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருக்கும் ஒருவனை விரட்டலாம், பிடிக்கலாம், பறித்ததை மீட்கலாம்; வெட்ட முடியாது.

மின்வேலி பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். காட்டுப்பன்றிக்காகவும் களவுக்காகவும் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, நேரடியாக மின்சாரம் பாய்ச்சி வைப்பதும், விடியற்காலையில் அதே கம்பியில் பக்கத்து வயல்காரர் இறந்து கிடப்பதும் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ‘என் நிலம், என் வேலி’ என்ற வாதம் நிற்காது. பீகாரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு 1963-லேயே விடை சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டின் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அந்த வீட்டார் ஒருவருடைய கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினர். அது பிடிக்காத அவர், போகும் வழியின் குறுக்கே உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். ஒரு பெண் தொட்டார், இறந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை, அவருக்குக் காயம் விளைவிக்கவென்றே பொறி வைக்க நில உரிமையாளருக்கு உரிமையில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அன்று அது அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றமாகத் தண்டிக்கப்பட்டது. உயிர் போகும் என்று தெரிந்தே வைத்ததாகத் தெரியவந்தால் இன்று அதைவிடக் கடுமையான, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான 105-ஆம் பிரிவுக்கும் போகலாம்.

உரிமை இல்லாத இடங்கள்

சண்டையை நீங்களே தேடிப் போனால் தற்காப்பு பேச முடியாது. ஆயுதத்தோடு ஒருவரைத் தாக்கப் போய், அவர் திருப்பி அடித்ததும் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்வதை நீதிமன்றங்கள் ஏற்றதில்லை. இரு தரப்பும் முன்னதாகவே முடிவுசெய்து மோதிக்கொண்டால் இருவருக்குமே உரிமை இல்லை.

காவலர் முதலிய அரசு ஊழியர் தம் பணியின் பெயரால் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலை, அது சட்டப்படி முழுமையாகச் சரியாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாதவரை எதிர்த்துத் தாக்கக் கூடாது. ஆனால் அவர் அரசு ஊழியர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்திருக்க வேண்டும். சாதாரண உடையில் வந்து எதுவும் சொல்லாமல் வண்டியில் ஏற்றப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது.

நடந்து முடிந்த பிறகு செய்ய வேண்டியவை

முதலில் 112-ஐ அழையுங்கள். நீங்களே அழைத்தது, அழைத்த நேரம் எல்லாம் பதிவாகிவிடும். தப்பி ஓடியவர் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அடிபட்டுக் கிடப்பவர் உங்களைத் தாக்கியவராகவே இருந்தாலும் அவருக்காக 108-ஐயும் அழையுங்கள். ரத்தம் படிந்த சட்டையைத் துவைக்காதீர்கள். அவர் கொண்டுவந்த ஆயுதத்தைத் தொடாதீர்கள். எதிரே இருக்கும் கடையில் கேமரா இருந்தால், பதிவு அழிந்துபோவதற்குள் எடுத்துவைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது அரசு மருத்துவமனை. சிறு கீறலாக இருந்தாலும் அன்றே போங்கள். காயத்துக்கு மருந்து போடுவதற்கு முன்பே மருத்துவர் கேட்பார்: யார் அடித்தது, எதனால், எங்கே, எத்தனை மணிக்கு? நீங்கள் சொல்வதை ‘இன்று மாலை 6 மணியளவில், தெரிந்த 2 நபர்களால், கட்டையால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்’ என்ற வகையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். வழக்கறிஞரையோ உறவினரையோ கலந்து பேசுவதற்கு முன்பே சொல்லப்பட்ட வார்த்தைகள் என்பதால் நீதிமன்றத்தில் இதற்கு மதிப்பு அதிகம். வலியிலும் பதற்றத்திலும் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டவர்கள், வழக்கு வந்தபோது அந்த ஒரு வரியால் பட்டபாடு கொஞ்சமல்ல. இரண்டு பேர் அடித்தார்கள் என்றால் இரண்டு என்றே சொல்லுங்கள், கோபத்தில் ஐந்தாக்காதீர்கள்.

பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமான புகார். குறைந்தபட்சம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள்; முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எதிர்த்தரப்பும் புகார் கொடுப்பார்கள் என்று எதிர்பாருங்கள். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் விசாரித்து, தாக்கத் தொடங்கியது யார் என்று விசாரணை அதிகாரி கண்டறிய வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை 566 கூறுகிறது. நீங்கள் புகாரே கொடுக்காமல் இருந்துவிட்டால், விசாரிக்க ஒரு தரப்புக் கதை மட்டுமே இருக்கும்.

எதிராளி இறந்துபோயிருந்தாலோ கொடுங்காயம் அடைந்திருந்தாலோ, என்ன நடந்தது என்பதன் மையத்தை மட்டும், அதாவது அவர் தாக்க வந்தார், நான் தடுத்தேன் என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லிவிட்டு, மற்றவற்றை வழக்கறிஞர் வந்த பிறகு சொல்கிறேன் என்று நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தமக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) உறுப்பு சொல்கிறது. விசாரணையின்போது காவல் அதிகாரி எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்பு நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால், தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108-ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். உங்கள் உடலில் இருந்த காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாமல் மறைத்தால் அதுவே அவர்கள் கதையைச் சந்தேகிக்கக் காரணமாகும். உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தில், முன்திட்டமோ தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமோ இல்லாமல் தாண்டியிருந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு அதைக் கொலையிலிருந்து பிரித்து, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கிறது. தற்காப்பு என்ற சொல்லையே நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தாலும், எதிர்த்தரப்புச் சாட்சியின் வாயிலிருந்தே அது வெளிப்பட்டால் நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். ரசீது, 112-க்கு அழைத்த நேரம் தெரியும் கைப்பேசித் திரையின் படம் ஆகிய மூன்றையும் ஓர் உறையில் போட்டு, வழக்கு முடியும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.